ஆறாம் வகுப்பு மாடியில், மகள் வாக்கரில்: பள்ளியில் என்ன கேட்கலாம்?

மல்லி அம்மா (குடியாத்தம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினோரு வயது. மூளை முடக்குவாதம். இரண்டு காலும் இறுக்கமாக இருக்கும். கை ஓரளவு நன்றாக வேலை செய்யும், பேச்சு தெளிவு, கணக்கில் என்னைவிட வேகம். சின்ன வயதில் பாகாயத்தில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையத்தில் காட்டிப் பயிற்சி எடுத்தோம். இப்போது ஏஎஃப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை) போட்டுக்கொண்டு வாக்கரில் நடப்பாள்.

ஐந்தாவது வரை தெருமுனைப் பள்ளி. எல்லாப் பிள்ளைகளும் தரையில்தான் உட்காருவார்கள், ஒரே டீச்சர், ஒரே அறை. பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. ஆறாவதுக்கு உயர்நிலைப் பள்ளி போக வேண்டும். அங்கே ஆறும் ஏழும் மாடியில். தலைமையாசிரியர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "சேர்த்துக்கிறேம்மா, ஆனா மாடி ஏர்றது உங்க பாடு. வேலூர்ல ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கே, அதைப் பாருங்களேன்" என்றார். வெளியே வரும்போது வாட்ச்மேன் வேறு, "இன்னாத்துக்குமா அலையறே, வூட்லயே வச்சிப் படிக்க வையேன்" என்கிறார்.

வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். காலையில் தூக்கி மாடியில் விட்டுவிட்டுப் போகிறேன், சாயங்காலம் வந்து இறக்குகிறேன் என்கிறார். நடுவில் அவளுக்கு ஏதாவது வேண்டும் என்றால்? அதுவும் பெண் பிள்ளை, வயசுக்கு வருகிற நேரம். யாரிடம் என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.

வாலாஜா வாத்தியார்

அம்மா, மாடி உங்கள் பாடு என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 31: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதை உங்கள் தரப்புதான் முடிவு செய்ய வேண்டும், பள்ளி அல்ல. கட்டடமும் வளாகமும் பிள்ளை புழங்கும்படி இருக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளியோ, உதவி பெறும் பள்ளியோ, இதிலிருந்து நழுவ முடியாது.

ஆனால் எடுத்த எடுப்பில் சட்டப் புத்தகத்தோடு போகாதீர்கள். நானும் தலைமையாசிரியர் நாற்காலியில் பொறுப்பாக உட்கார்ந்தவன்தான். சட்டம் என்றதும் மனிதர் ஃபைலைத் திறந்து பதில் கடிதம் எழுத ஆரம்பித்துவிடுவார், வேலை நடக்காது. "சார், ஆறாவதைக் கீழே கொண்டு வந்து, கீழே இருக்கிற ஒரு வகுப்பை மேலே அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். பைசா செலவில்லாத காரியம். ஒரு சனிக்கிழமை பெரிய பையன்களை வைத்து பெஞ்சு மாற்றினால் முடிந்தது. அடுத்த வருடம் அவளோடு ஏழாவதும் கீழே வர வேண்டும். அதையும் இப்போதே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே பாட்டுதான்.

அப்புறம் காகித வேலை. யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, கையில் இருக்கிறதா? இல்லை என்றால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள், அல்லது கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் முகாம் நடக்கும்போது போங்கள். பழைய பள்ளி எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் பதிவு இணையதளம்) அவளைச் சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று ஏற்றியிருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். எமிஸில் இல்லை என்றால் அரசுத் திட்டத்தைப் பொறுத்தவரை அவள் இல்லை. போக்குவரத்துப் படி, துணைக்கு வருகிறவர் படி, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு வரும் உதவித்தொகை எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள். தலைமையாசிரியரைப் பார்க்கும்போது சிறப்புப் பயிற்றுநரையும் கூட அழைத்துப் போங்கள்.

கணக்கு டீச்சர்

வாத்தியார் சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் வகுப்பறையில் நிற்கிறவள், என் பக்கத்தையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் வகுப்பில் 42 பேர். இரண்டு வருடம் முன்பு சக்கர நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். நல்ல பையன். ஆனால் எங்கள் பள்ளியில் ஆயா கிடையாது. துப்புரவுக்கு வருகிற அம்மா காலையில் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரத்தில் அவனைக் கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவது? நான் தூக்கி அவன் கீழே விழுந்தால் யார் பதில் சொல்வது? "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலே இருந்து சொல்வது சுலபம். சிறப்புப் பயிற்றுநர் ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டும், எங்களிடம் எப்போதாவதுதான் வருவார். உதவியாள் போடாமல் உள்ளடங்கிய கல்வி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் என்று பேசுவது வெறும் பேச்சு. ஸ்பெஷல் ஸ்கூலில் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள், பயிற்சி இருக்கிறது. அம்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே?

மூணு சக்கரம் (காட்பாடி)

டீச்சர், உதவியாள் வேண்டும் என்பதில் உங்களோடு நானும் கை தூக்குகிறேன். ஆனால் மூளை நன்றாக வேலை செய்கிற பிள்ளையை மாடிப்படி இருக்கிறது என்பதற்காக ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்புவது என்ன கணக்கு? மாடியைத்தானே மாற்ற வேண்டும்?

நான் போலியோ. ஒன்றரை வயதில் காய்ச்சல், இரண்டு காலும் போச்சு. இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014ல் அறிவித்தார்கள். அது ஒரு வழியாக முடிந்தது, நல்லது. வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது பள்ளி சேர்ந்து, அதைப் பிரித்த பிறகு பத்தாவது எழுதியவன் நான். அன்றைக்கு சாய்தளமும் கிடையாது, சட்டமும் கிடையாது. ஆனால் படி என்னைப் பெரிதாகத் தடுக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடுவேன், பேன்ட் தேயும், அவ்வளவுதான்.

என்னைத் தடுத்தது கழிப்பறை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். வேலூர் வெயில் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மதியம் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தலை வலிக்கும், பின் பீரியடில் வாத்தியார் என்ன நடத்தினார் என்றே தெரியாது. "மதியத்துக்கு மேல தூங்கி வழியறான்" என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். ஒன்பதாவதில் சிறுநீரில் கிருமி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்றைக்கும் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியா?" என்பதுதான். பதில் சொல்லாமல் சிரித்தால் அங்கே கழிப்பறை சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா, மாடியை விடுங்கள், அது தீர்ந்துவிடும். முதலில் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. பி.இ. (உடற்கல்வி) பீரியடில் என்னை வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டுப் போவார்கள், எல்லார் பையையும் பார்த்துக்கொள்ள. எத்தனை வருடம் நான் வாட்ச்மேன்! உங்கள் மகளுக்கு அது வேண்டாம். ஸ்கோர் எழுதட்டும், விசில் ஊதட்டும். போச்சா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காகவே உருவானது, பாராலிம்பிக்கிலேயே ஆடுகிறார்கள். பந்தை உருட்டி வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டு போக வேண்டும். வராந்தாவிலேயே ஆடலாம்.

பிசியோ, ஆற்காடு

மல்லி அம்மா, தொடக்கப் பள்ளியில் தொந்தரவு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் எப்படி உட்காருவாள்? முட்டியை முன்னால் வைத்து இரண்டு பாதத்தையும் இடுப்புக்கு வெளியே மடித்து உட்காருவாள் என்றால், கால் இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு அது இடுப்பு மூட்டுக்கும் தொடைத் தசைக்கும் நல்லதில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பெஞ்சு. அவள் உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். தொங்கினால் இறுக்கம் கூடும், உடம்பு முன்னால் சறுக்கும், சறுக்காமல் இருக்க ஒரு கையை ஊன்றுவாள், எழுத ஒரு கைதான் மிச்சம், நோட்டு நகரும். எழுத்து கோணலாக வருகிறது, கை சரியில்லை என்று டீச்சர் நினைப்பார். பல நேரம் கையில் ஒன்றுமே இருக்காது. தச்சரிடம் சொல்லி, பாதத்துக்கு அடியில் வைக்க நான்கைந்து அங்குலத்தில் ஒரு மரப்பலகைப் பெட்டி, அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒட்டி. அவ்வளவுதான் மருந்து. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும் என்று சுவரோரம் தள்ளி உட்கார வைப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து வர அந்த வரிசை முழுக்க எழுந்திருக்க வேண்டியிருக்கும். முன் வரிசை, நடைபாதை முனை, வாக்கர் கைக்கு எட்டும் தூரத்தில். வாக்கரை "இடைஞ்சலா இருக்கு" என்று வாசலில் கொண்டு போய் வைக்கிற பழக்கம் பல வகுப்பில் உண்டு. அது அவள் காலை எடுத்துக் கொண்டு போய் வைப்பதுதான்.

ஏஎஃப்ஓவைக் கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருந்தால், இருபது நிமிடத்தில் மறைகிறதா பாருங்கள். மறையவில்லை என்றால் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். முகாமில் அளவெடுத்துப் பொருள் கைக்கு வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிற கதை நிறைய. அளவெடுத்த தேதியைக் குறித்து வையுங்கள், தாமதமானால் மறு அளவு கேளுங்கள்.

கணக்கு டீச்சருக்கு ஒரு வார்த்தை. தூக்குவதைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். தூக்கவே வேண்டாம். இந்தப் பெண் வாக்கரில் நடக்கிறவள். நேரம் வேண்டும், வழி வேண்டும். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவளை வெளியே விட்டால் கூட்டத்தில் இடிபட மாட்டாள். காலையில் பிரார்த்தனைக்கு வெயிலில் நிற்க வைக்காதீர்கள், நாற்காலி போடுங்கள்.

ராணிப்பேட்டை அப்பா

பிசியோ மேடம் சொன்னது அந்தப் பெண்ணுக்குச் சரி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு டூஷேன் தசைச் சிதைவு. "நடக்க நடக்கத்தான் பலம் வரும்" என்று அவன் பி.இ. சார் நல்ல எண்ணத்தில்தான் நடக்க வைத்தார். இந்த நோயில் தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் கெடுதல். அவன் பன்னிரண்டு வயதுக்குள் நடையை நிறுத்திவிட்டான், அது நோயின் போக்கு. பிள்ளைக்கு என்ன நோய், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று டாக்டரிடம் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கி எல்லா ஆசிரியருக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு நிம்மதி.

பத்தாவது தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மல்லி அம்மாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும் படிக்கிற மற்றவர்களுக்கு ஆகும். அரசுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், தரைத்தளத்தில் அறை எல்லாம் கிடைக்கும். மருத்துவச் சான்றோடு பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் தலைமையாசிரியரும் முதன்மைக் கல்வி அலுவலகமும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பெரிய சலுகை என்று எல்லோரும் சொன்னார்கள். என் பையனுக்கு அரை மணி எழுதினாலே கை சோர்ந்துவிடும், நான்கு மணி நேரம் கொடுத்தால் நான்கு மணி நேரமும் சோர்வுதான். அவனுக்கு உதவியது எழுதுபவர். அதற்கும் பழக்கம் வேண்டும். "ஏபி என்று ஒரு கோடு போடுங்க, 6 செ.மீ., ஏ இடது பக்கம்" என்று வடிவியலை வாயால் சொல்வது லேசு இல்லை. ஒன்பதாவது காலாண்டிலிருந்தே ஒருவரை வைத்துப் பழக்கினோம்.

தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கொத்தனார் மகன்

நான் கட்டட மேஸ்திரி வேலை, பள்ளிக் கட்டட வேலையும் எடுத்துச் செய்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் பாதி சாய்தளம் போட்டோவுக்குத்தான் கட்டுகிறார்கள். கணக்கு இதுதான்: ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம், 18 அடி ஓட வேண்டும். இடம் இல்லை என்று ஆறு அடியில் முடித்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் நிற்காது. வாத்தியார் பைக் ஏற்றத்தான் உதவும். அங்கேதான் நிறுத்தியும் வைப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், மாடிக்கு சாய்தளம் கேட்காதீர்கள். பத்தரை அடி உயரத்துக்கு 126 அடி நீளம், நடுவில் திரும்ப, நிற்க மேடை. அந்த எஸ்டிமேட் போட்டு, அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு... பொண்ணு பத்தாவது முடித்துவிடும். வாத்தியார் சார் சொன்ன மாதிரி வகுப்பை இறக்குவதுதான் வழி.

வாசலில் இருக்கும் சாய்தளத்தைப் பார்க்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். டைல்ஸ் போட்டிருந்தால் மழையில் வழுக்கும், சிமெண்ட்டில் துடைப்பக் கோடு போட்டிருந்தால் நல்லது. அடி முனையில் தரையோடு சமமாக முடிகிறதா, இல்லை இரண்டு அங்குலம் குதிக்கிறதா? வாக்கர் சக்கரம் அங்கேதான் மாட்டும். கைப்பிடி ஸ்டீல் குழாய் என்றால் ஏப்ரல் மாதம் மதியம் தொட்டுப் பாருங்கள், கை பொசுங்கும். என் வேலையில் மேலே இரண்டு தகரம் போட்டுவிடுவேன், எஸ்டிமேட்டில் இருக்காது.

கழிப்பறைக்குக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் தள்ள முடியாது.

மல்லி அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிறப்புப் பயிற்றுநர் மேடத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு அம்மா துணைக்கு வந்தார், அவர் பிள்ளைக்குக் காது கேட்காது. தலைமையாசிரியர் இந்த முறை நன்றாகப் பேசினார். ஆறாவது கீழே வருகிறது, ஒன்பதாவது மேலே போகிறது. ஒன்பதாவது பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம், மாடியில் காற்று வருமாம்.

காட்பாடி அண்ணா சொன்னபடி கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றேன். மாற்றுத்திறன் மாணவர்களுக்கு என்று தனியாகக் கட்டிச் சுவரில் சக்கர நாற்காலி படமும் போட்டிருக்கிறார்கள். பூட்டியிருந்தது. சாவி தேடவே அரை மணி. திறந்தால் உள்ளே கிழிந்த வாலிபால் நெட், பழைய விடைத்தாள் மூட்டை, உடைந்த கரும்பலகை. கைப்பிடிக் கம்பி சுவரில் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. "யாரும் யூஸ் பண்றதில்லேம்மா" என்றார் ஒரு சார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மேடம்தான் "பூட்டியிருந்தா யார் சார் யூஸ் பண்ணுவாங்க" என்றார்.

காலி செய்து தருகிறோம் என்றிருக்கிறார்கள். உள்ளே இந்தியன் டாய்லெட். அவளால் குந்த முடியாது.

மூணு சக்கரம் (காட்பாடி)

குந்துகிற டாய்லெட் மேலே வைக்கிற கமோடு நாற்காலி மெடிக்கல் சாமான் கடையில் கிடைக்கும். நடுவில் ஓட்டை, நான்கு கால், கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள். கால் நுனியில் ரப்பர் இருக்க வேண்டும். சாவி யாரிடமும் இருக்கக் கூடாது. பூட்டையே எடுத்துவிடச் சொல்லுங்கள், உள்தாழ்ப்பாள் போதும், அதுவும் அவள் கைக்கு எட்டும் உயரத்தில். பெண் பிள்ளை என்பதால் உள்ளே ஒரு கொக்கியும் மூடி போட்ட வாளியும் வேண்டும். இதெல்லாம் ஆண்கள் யாரும் யோசிக்க மாட்டோம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாகாயத்தில் எனக்குக் காலிபர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டார்கள். அந்த மறுவாழ்வு மையம் 1966ல் வரக் காரணமாக இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடி செய்யலாம் என்பதால் தொழுநோயாளிகளுக்கு சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார். அவர் எழுந்து நின்றால்தான் டாக்டர் என்று அன்றைக்கு சி.எம்.சி.யில் யாரும் சொல்லவில்லை. நம்ம ஊரில் நடந்ததுதான் இது. தலைமையாசிரியர் அடுத்த முறை ஸ்பெஷல் ஸ்கூல் என்றால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்

கீழே வந்தது சந்தோஷம் அம்மா. என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, உதவியாள் பணியிடம் இல்லாமல் நடப்பதெல்லாம் தலைமையாசிரியரின் நல்ல மனசைப் பொறுத்தது. அவர் மாறுதலாகிப் போனால் ஒன்பதாவது மறுபடியும் கீழே வந்துவிடும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்று: இரக்கப்பட்டு ஒரு நல்ல பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து "நீதான் இவளைப் பாத்துக்கணும்" என்று பொறுப்புக் கொடுப்போம். இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு நேரம் போய்விடும், அவள் அம்மா சண்டைக்கு வருவார், நட்பும் கெடும். வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றி விடச் சொல்லுங்கள். போர்டில் இருப்பதை எழுதி முடிக்க நேரம் ஆகும் என்றால் தோழியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டோம்.

மல்லி அம்மா

சரிங்க டீச்சர், எழுத்தில் கேட்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. இரண்டு கையும் வாக்கரில் இருக்கும், தட்டை எப்படிப் பிடிப்பாள்? வரிசை வேறு நீளம். ஹைடெக் லேப், அதான் கம்ப்யூட்டர் அறை, மாடியில்தான் இருக்கிறது, அதை இறக்க முடியாதாம்.

பிசியோ, ஆற்காடு

வாக்கரின் முன் கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் குறுக்காகக் கட்டுங்கள், அதில் மூடி போட்ட டிபன் பாக்ஸ். சோறு வாங்கி மூடி உள்ளே வைத்துவிட்டு நடக்கலாம், சாம்பார் கொட்டாது. பை கனமாக இருக்கக் கூடாது, வாக்கர் முன்னால் கவிழும். புத்தகத்தை அதில் போடாதீர்கள், இன்னொரு செட் புத்தகம் வகுப்பிலேயே இருக்கட்டும்.

வாலாஜா வாத்தியார்

லேப் பீரியடுக்கு ஒரு லேப்டாப்பைக் கீழே கொண்டு வரச் சொல்லுங்கள், எங்கள் பள்ளியில் அப்படித்தான் சமாளித்தோம். ஆனால் அவளை மட்டும் கீழே தனியாக உட்கார வைக்க வேண்டாம், நான்கைந்து பேரோடு ஒரு குழுவாக. வகுப்பு மாற்றத்தை மேலாண்மைக் குழுத் தீர்மானமாக எழுத வையுங்கள். டீச்சர் சொன்ன பயம் நியாயமானது. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அடுத்து வருகிற தலைமையாசிரியரும் பார்ப்பார்.

கொத்தனார் மகன்

அக்கா, கழிப்பறைக் கதவை டேப் வைத்து அளந்தீர்களா? 90 செ.மீ. இருக்க வேண்டும்.

மல்லி அம்மா

அளந்தேன் தம்பி. 76 இருக்கிறது. வாக்கர் 60. உள்பக்கம்தான் திறக்கிறது.

கொத்தனார் மகன்

வாக்கர் போகும். நிலையை உடைக்க வேண்டாம், கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போட்டுவிடலாம், அரை நாள் வேலை. குழாய்க்கு மேலே டேங்கிலிருந்து லைன் வருகிறதா என்று பாருங்கள், கேட் வால்வை யாராவது மூடி வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் பேரணாம்பட்டில் வேலை இருக்கிறது, போகிற வழிதான். ஸ்கூல் திறக்கும் முன்னால் வந்து பார்த்துவிடுகிறேன், சார்கிட்ட சாவி மட்டும் வாங்கி வையுங்க.